வந்தியின் பங்கு

(பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஓர் ஆடி வெள்ளியன்று, ஊருக்கு உழைக்கும் பெண்களைச் சிறப்பித்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

"பெரியோர்களே, தாய்மார்களே" என்றுதான் எந்த மேடையிலும் ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். தாய்மார்களே, பெரியோர்களே! பெரியோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். 'இன்று ஒரு நாளைக்குத்தானே' என்று பொறுத்துக்கொள்வீர்கள். அந்த 'ஒரு நாளைக்குத்தானே' என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சே.

சற்று முன்னால் இங்கே சிலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர். வீடு வீடாகப் போய் உடல்நலம் விசாரிக்கிற ஆஷா அக்கா ஒருவர். நாம் எழுந்திருக்குமுன் தெருவைக் கூட்டி முடித்துவிடுகிற பௌரகார்மிகர் ஒருவர். கோயில் வாசலில் அண்டா வைத்துக் கூழ் காய்ச்சி ஊற்றுகிற பெண்கள் சிலர். மாலையை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள்? "நான் என்னங்க பெரிசா பண்ணிட்டேன்?"

தன்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள், மதுரையில் ஒரு பாட்டி. பேர் வந்தி. புட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள்.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதருடைய 64 திருவிளையாடல்களைப் பாடியிருக்கிறார். அதில் 61-ஆவது, மண் சுமந்த படலம். மாணிக்கவாசகரைப் பாண்டியன் வைகைச் சுடுமணலில் நிறுத்தினான். குதிரை வாங்க அவரிடம் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் கோயிலாகிவிட்டது. வந்த குதிரைகளோ ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகிவிட்டன. ராஜாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அடியார் வெயிலில் நிற்பது ஆண்டவனுக்குப் பொறுக்கவில்லை. வைகை பெருகியது. கரை உடைந்தது.

அப்போது ராஜா ஓர் உத்தரவு போட்டான். உடைந்த கரையை அளந்து, ஊராருக்கெல்லாம் பங்கு பிரித்தான். அவரவர் பங்கை அவரவர் அடைக்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தவர்கள் ஆளை அனுப்பினார்கள். காசு இருந்தவர்கள் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். வந்திக்கு இரண்டும் இல்லை. ஆனால் பங்கு மட்டும் உண்டு. வயதானவள், ஒண்டிக்கட்டை என்று யாரும் அவளுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. ஊர்க் கடமை என்று வரும்போது பெண்பிள்ளைக்குத் தள்ளுபடி கிடையாது. ஊர் உரிமை என்று வரும்போதுதான் "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்பார்கள்.

வந்தி சொக்கநாதரை நினைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒருவன் வந்தான். கந்தைத் துணி, தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, தோளில் மண்வெட்டி.

"பாட்டி, கூலிக்கு ஆள் வேணுமா?"

"வேணும்ப்பா. ஆனா, கூலி குடுக்க என்கிட்ட காசில்லையே."

"காசை யார் கேட்டது? புட்டு குடு. முழுசா வெந்ததை நீ வித்துக்கோ. உதிர்ந்ததை மட்டும் எனக்குக் குடு, போதும்."

அன்றைக்கு அவித்த புட்டெல்லாம் உதிர்ந்துபோனது! வயிறு நிறையச் சாப்பிட்டான். கரைக்குப் போனான். பாடினான், ஆடினான், தண்ணீரில் விளையாடினான், மரத்தடியில் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் அப்படியே கிடந்தது. பாண்டியன் வந்தான், பிரம்பை ஓங்கி அடித்தான். அந்த அடி ராஜாவின் முதுகிலும் விழுந்தது, ராணியின் முதுகிலும் விழுந்தது, மூவுலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு அவன் மறைந்தான். கரை தானாக அடைபட்டது. வந்தியைச் சிவகணங்கள் வந்து சிவலோகத்துக்கு அழைத்துப்போனார்கள்.

இது நீங்கள் பலமுறை கேட்ட கதை. அடியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். நான் கரை வேலையை மேற்பார்வை பார்த்தவர்களின் கணக்கைப் பற்றிப் பேச வந்தேன். அந்தக் கணக்குப்படி, மதுரை முழுவதிலும் ஊர் வேலையை முடிக்காத ஒரே ஆள் வந்தி. எத்தனை வருஷமாக அந்த ஊருக்கு அவள் புட்டு அவித்துப் போட்டாள், எத்தனை பேர் பசியாறினார்கள் என்பதை எழுத அந்தக் கணக்கில் இடமே இல்லை. நம் வீட்டுக் கணக்கிலும் தெருக் கணக்கிலும் கோயில் கணக்கிலும் இன்றுவரை அந்த இடம் விடப்படவில்லை.

சரி, ஆண்டவன் என்ன செய்தான்? வந்தியை மேடையேற்றிப் புகழ்ந்தானா? புட்டுப் பானையைப் பொற்பானை ஆக்கினானா? அவள் பங்கைத் தன் தலையில் தூக்கிக்கொண்டான். உழைக்கிற பெண்ணுக்கு மரியாதை செய்வது எப்படி என்று சொக்கநாதர் காட்டிக்கொடுத்த வழி அது. கூலியையும் கை நீட்டி வாங்கிக்கொண்டான் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை என்றால் கூலி உண்டு. அதை இலவசமாகச் செய்து காட்டி அவன் கெடுத்துவிடவில்லை. இன்றும் ஆவணி மூலத்தில் மதுரையில் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். ஒரு புட்டுக்காரப் பாட்டிக்காக, ஊருக்கே ராஜாவான சுந்தரேசுவரர் கூடை சுமக்கிறார்.

இது புராணம், நடைமுறைக்கு வருமா என்று கேட்பீர்கள். கல்லில் எழுதியதைச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டு கட்டி முடித்தான். அந்தக் கோயில் பணிக்கு 400 பெண்களைச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பேர். கல்வெட்டு, 'பெண்கள் நானூறு பேர்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருத்தியின் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தஞ்சாவூரில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனாவது வீடு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த 400 பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். பேரும், குடியிருக்க வீடும், வருஷாவருஷம் நெல்லும் கொடுத்த பிறகு தனியாகப் பொன்னாடை எதற்கு?

அந்தக் கண்ணோடு நம் காலத்தைப் பாருங்கள். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. ஆஷா திட்டம் 2005-இல் வந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். வெளியே நின்று கதவைத் தட்டியவர் யார்? "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?" என்று கேட்டவர் யார்? 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது அம்மன்தான் காப்பாற்றினாள் என்று நம்பிய ஊர் இது. பிளேக் மாரம்மா என்ற பேரிலேயே கோயில்கள் இருக்கின்றன. கொரோனாக் காலத்தில் நம் வாசலுக்கு வந்தவளையும் அம்மன் என்றே நான் சொல்வேன். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தது. உலகமே கை தட்டியது. ஆனால் அரசுக் கணக்கில் அவர்கள் இன்றும் தன்னார்வலர்கள். அவர்கள் கையில் வருவது ஊக்கத்தொகை, மதிப்பூதியம். சம்பளம் என்ற பேர் அதற்கு இல்லை. தளிச்சேரிப் பெண்ணுக்கு இருந்த அந்த ஒரு பங்கு, ஆஷா அக்காவுக்கு இன்னும் கல்லில் ஏறவில்லை.

பௌரகார்மிகர்களுக்கு நம் மாநிலத்தில் செப்டம்பர் 23 சிறப்பு நாள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்து, தெருவில் இறங்கிப் போராடி, 2025 மே தினத்தன்று பெங்களூரில் 12,000 பேருக்கு மேல் பணி நிரந்தர ஆணை வாங்கினார்கள். அந்தக் காகிதத்தை வாங்கியவர்களின் முகத்தைப் பார்த்திருந்தால், மரியாதை என்பது என்ன என்று நான் பேசவே வேண்டியிருந்திருக்காது.

நம் ஊர்ப் பேரைத் தன் பேரோடு சேர்த்துச் சுமந்த ஒரு அம்மையார் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி குலம். சங்கீதத்தில் சம்பாதித்த சொத்தை, நகையை எல்லாம் போட்டு, திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் கட்டினார். 1925-இல் கும்பாபிஷேகம். இதில் வேடிக்கையைக் கேளுங்கள். அங்கே ஆராதனை நடத்திக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளும் பெண்களைப் பாட விடவில்லை. கோயில் அவர் காசில், பாட்டு மட்டும் ஆண்களுக்கு! நாகரத்தினம்மாள் ஒதுங்கி அழுதுகொண்டிருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். கடைசியில் கட்சிகளெல்லாம் ஒன்றாகி, பெண்களும் அந்தச் சந்நிதியில் பாடும் நாள் வந்தது. 1952-இல் மறைந்தார். சுவாமிகளின் சமாதியைப் பார்த்தபடி, கைகூப்பிய கோலத்தில் அவருடைய சிலை அங்கே இருக்கிறது. கொடுக்கும்போது பெண் கையை வாங்கிக்கொண்டு, மேடையேறும்போது தள்ளி நிற்கச் சொல்வது எந்தக் கோயிலிலும் எந்தச் சங்கத்திலும் இனி நடக்கக் கூடாது. இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்கள் வீட்டுக்குப் போனதும், நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். விரல் மீதியிருக்கும்.

'பெண்களுக்கு இடம் கொடுத்தால் அளவுக்கு மீறிக் கேட்பார்கள்' என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கன்னட மண்ணிலிருந்தே பதில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டு, கல்யாண நகரம், பசவண்ணர் காலம். ஆய்தக்கி மாரய்யா என்று ஒரு சரணர், அதாவது சிவனடியார். சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டு வருவது அவர் காயகம், அதாவது அவர் தொழில். அந்த அரிசியைச் சமைத்து அடியாருக்குப் படைத்துத் தானும் சாப்பிடுவார். அவர் மனைவி லக்கம்மா. அவரும் வசனம் என்ற பக்திப் பாடல்களைப் பாடியவர். ஒருநாள் மாரய்யா வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி கொண்டு வந்தார். லக்கம்மா பார்த்தார். இது நமக்கு உரிய அளவில்லை, மிச்சத்தைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள் என்று புருஷனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பசவண்ணர் வாசலில் சிந்திய அரிசியாகவே இருந்தாலும், தன் பங்குக்கு மேல் ஒரு பிடி வேண்டாம் என்றவர் அவர். பெண்கள் கேட்பதும் அவ்வளவுதான். கூடக் கேட்கவில்லை. உரியதைக் கேட்கிறார்கள்.

நம் ஜோகுபாளையத்திலிருந்தும் அல்சூரிலிருந்தும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், மலைமேல் தீபம் ஏற்றும் நேரத்தில், அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்தில் அந்த ஒரு நாள், சில நிமிஷந்தான் தரிசனம். அதற்காக லட்சக்கணக்கில் கூடுகிறோம். அம்பாள் தவமிருந்து ஈசனிடம் வாங்கியது பாதி உடம்பு. தரிசனம் சில நிமிஷம். கொடுத்த பங்கு நிரந்தரம். நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் விழா எடுத்து ஊரைக் கூட்டுகிறோம். பங்கு கேட்டால் நாள் கடத்துகிறோம்.

அதனால் இங்கிருந்து போகும்போது சிலவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கன்வாடி அம்மாவுக்குச் சேர வேண்டிய பணம் தள்ளிப்போனால் அதைக் கேட்க அவரை மட்டும் அனுப்பாதீர்கள்; தெருவே கூடப் போகட்டும். குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள். அது பௌரகார்மிகரின் கூடையில் நாம் கை வைத்துத் தூக்குவதற்குச் சமம். கோயில் கணக்கில், பணம் கொடுத்தவர் பேரோடு, கூழ் காய்ச்சியவர் பேரையும் எழுதுங்கள். கல்லில் வேண்டாம், நோட்டிலாவது எழுதுங்கள்.

இன்னொன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது. சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். 'அம்மையே' என்று ஈசனே கூப்பிட்டவருக்கு நம் முன்னோர்கள் உட்கார இடம் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் இங்கே சாப்பாடு இருக்கிறது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். ஆண்பிள்ளைகள் பரிமாறட்டும். அது முடிந்ததும் அண்டாக்களைக் கழுவ நாலு பேர் வேண்டும். மூன்று பேர் போதும், நான் ஒருவன் வருகிறேன். எனக்குக் கூலி உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அடிப்பிடித்த பொங்கல் இருந்தால் எனக்கு எடுத்து வையுங்கள்.