வழித்துணை எது?

நெடும்பயணம் புறப்படுபவன் எவ்வளவு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? எல்லாவற்றையும் இறைவன் பார்த்துக்கொள்வான் என்றிருப்பது பக்தியா, சோம்பலா? ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது விவேகமா, அவநம்பிக்கையா?

இக்கேள்வி துறவிகளுக்கு மட்டும் உரியதன்று. பெங்களூர் நீலசந்திராவில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. அத்தகைய வீட்டில் வளர்ந்த ஓர் இளைஞன், தன் வாகனத்திலேயே ஆசியாவைக் கடந்து ஐரோப்பா வரை செல்ல விரும்புவதாக வைத்துக்கொள்வோம். நாடுதோறும் விசா, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, வாகனத்தைப் பிற நாடுகளுக்குள் தற்காலிகமாகக் கொண்டுசெல்வதற்கான 'கார்னே' என்னும் சுங்க ஆவணம், அதற்குப் பிணைத்தொகை என்று ஏற்பாடுகள் நீளும். 2025 ஏப்ரலில் அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டதுபோல், வரைபடத்தில் உள்ள வழி ஒரே நாளில் அடைபடவும் கூடும். இவை ஒருபுறமிருக்க, பெற்ற தாயின் கவலை வேறு: "ஊர் பேர் தெரியாத இடத்தில் உனக்கு யாரப்பா சோறு போடுவார்கள்?"

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே பெங்களூரில் இக்கேள்விக்கு வியப்பான விடை ஒன்று உருவானது. வினோபா பாவேயின் வழியில் பணியாற்றிய இரண்டு இளைஞர்கள் இங்கு வாழ்ந்தனர். ஒருவர் ராஜஸ்தானைச் சேர்ந்த சதீஷ் குமார். சிறுவயதில் சமணத் துறவியாக இருந்தவர். மற்றவர் கேரளத்தைச் சேர்ந்த இ.பி. மேனன். அணுகுண்டை எதிர்த்துப் போராடிய தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 1961இல் தமது 89ஆம் வயதில் சிறைப்பட்ட செய்தியை இவர்கள் ஒரு காபிக் கடையில் அமர்ந்து படித்தனர். முதியவர் ஒருவர் சிறை செல்கிறார், நாம் என்ன செய்கிறோம் என்ற எண்ணம் எழுந்தது. அணு ஆயுத வல்லரசுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நான்கிற்கும் நடந்தே செல்வதென்று முடிவு செய்தனர்.

ஆசி பெறச் சென்றவர்களிடம் வினோபா இரண்டு நியமங்களை விதித்தார். சைவ உணவையே உண்ண வேண்டும்; கையில் காசு வைத்திருக்கக் கூடாது. பணம் இருந்தால் களைத்த வேளையில் உணவகத்தில் உண்டு, விடுதியில் உறங்கி, மறுநாள் எழுந்து போய்விடுவீர்கள். பணம் இல்லையென்றால் மனிதர்களிடம் பேசியே தீர வேண்டும் என்பது அவர் கருத்து.

1962இல் டெல்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து நடை தொடங்கியது. பாகிஸ்தான் எல்லையில் அன்பர்கள் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தனர். பகை நாட்டில் பசித்திருக்க நேருமே என்ற அக்கறை அவர்களுக்கு. பொட்டலத்தில் சோற்றோடு சந்தேகமும் கட்டப்பட்டிருப்பதைக் கண்ட சதீஷ் குமார், அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. எல்லைக்கு அப்பால், இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வரவேற்கக் காத்திருந்தார் ஒருவர்! ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக சோவியத் நாட்டை அடைந்தபோது, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய பெண் நான்கு தேயிலைப் பொட்டலங்களைத் தந்தார். அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றும்போது ஒரு கணம் நின்று தேநீர் அருந்தும்படி நான்கு தலைவர்களிடமும் சொல்லச் சொன்னார். ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் கொண்ட அந்த யாத்திரை, 1963 நவம்பரில் கொல்லப்பட்ட கென்னடியின் சமாதியில் நிறைவுற்றது.

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். கையை வீசிக்கொண்டு புறப்படுவது, வழியில் உள்ள ஏழைகளின் அடுப்பின் மீது நம் பாரத்தை ஏற்றுவதாகாதா? ஆகும், நம் வசதிக்காகவோ வீம்புக்காகவோ அப்படிச் செய்தால். அவ்விருவரும் பெற்ற உணவுக்கு ஈடாக ஒரு நோக்கத்தைச் சுமந்து நடந்தனர். காசின்மை அவர்களுக்குத் திட்டமின்மை அன்று. ஒவ்வொரு நாளும் காக்க வேண்டிய கடினமான நியமம். கடவுச்சீட்டு அவர்களுக்கும் தேவைப்பட்டது. கடல்களைக் கப்பலில்தான் கடந்தனர்.

சுவாமி விவேகானந்தரின் வாழ்வும் இதைத் தெளிவாக்குகிறது. 1892இல் பெங்களூருக்கு வந்த சுவாமிஜி, மைசூரில் திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகத் தங்கினார். விடைபெறும்போது திவான் ஒரு கட்டுப் பணத்தை அவரது மூட்டையில் வைக்க முயன்றார். சுவாமிஜி அதை மறுத்து, கொச்சிக்கு ஒரு ரயில் சீட்டை மட்டும் ஏற்றார். மறு ஆண்டு அமெரிக்கா செல்ல நேர்ந்தபோதோ, சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய சீடர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணத்தை ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பாட்டிலும் குறை இருந்தது. சர்வ சமயப் பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், பிரதிநிதியாக அறிமுகச் சான்று வேண்டும் என்பதும் ஜூலை இறுதியில் சிகாகோ சென்ற பிறகே தெரியவந்தன. அந்தக் குறையை நிரப்பியது பேராசிரியர் ரைட் எழுதிக் கொடுத்த கடிதம். முன்பின் அறியாத நாட்டில், அண்மையில் அறிமுகமான ஒருவரின் அன்பு!

ஆகவே, பணம் வைத்திருப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. செய்யும் ஏற்பாடு எதிலிருந்து பிறக்கிறது என்பதே முதற்கேள்வி. விசா பெறுவது பிற நாட்டின் சட்டத்திற்கு நாம் தரும் மரியாதை. வண்டியைப் பழுதுபார்ப்பது சாலையில் வரும் மற்றவர் உயிருக்குச் செய்யும் கடமை. வழிச்செலவுக்குப் பொருள் கொண்டுபோவது இல்லறத்தானுக்குத் தகுந்த நெறி. பிறருக்குப் பாரமாகாமல் இருக்க அது உதவும். இவற்றைச் செய்யாமல் 'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்பது, நம் வேலையை இறைவன் தலையில் கட்டுவதாகும்.

ஆனால், எவரிடமும் எதையும் கேட்க நேராதபடி, எந்த வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாதபடி செய்துகொள்ளும் ஏற்பாடு வேறு வகை. அது அச்சம் எழுப்பும் மதில். அதற்குள் அமர்ந்து ஒரு கண்டத்தையே கடந்தாலும், ஒரு மனிதரையும் சந்திக்காமல் திரும்பி வருவோம்.

அந்த இளைஞன் முறையான ஆவணங்களோடும் போதிய பொருளோடும் புறப்படட்டும். தாய் கட்டித் தரும் உணவையும் அன்போடு பெற்றுக்கொள்ளட்டும். அதை வழியில் எவரோடேனும் பகிர்ந்து உண்ணும் மனமும் அவனிடம் இருந்தால், அவன் தாயின் கேள்விக்கு வழியே விடை சொல்லும்.