யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை

'கல்யாணம் அவங்கவங்க விருப்பம். அதுல போயி சாதிய ஏன் இழுக்குறீங்க?' சாதி ஒழிப்புப் பேசுகிற கூட்டங்களிலேயே இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் நம் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

விருப்பம் எங்கே தொடங்குகிறது? பெண்ணோ பையனோ போட்டோவைப் பார்த்து 'புடிச்சிருக்கு, புடிக்கல' என்று சொல்வதற்கு முன்பே தரகர் நோட்டு சாதிவாரியாகப் பிரிந்துவிடுகிறது. 'சாதி தடையில்லை' என்று விளம்பரம் கொடுக்கிற தாராள மனசுக்காரர்கூடப் பக்கத்திலேயே 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று சேர்க்கிறார். வேலி போட்டு முடித்த பிறகு, உள்ளே மிச்சமிருக்கிற பத்துப் பேரில் ஒருவரைப் பொறுக்குவதற்குத்தான் விருப்பம் என்று பெயர்.

'ஒங்கள யாரும் வேணாம்னு சொல்லலியே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்பார்கள். என்னோடு இருபது வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், தன் பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொல்லி என்னிடமே ஜாதகத்தைக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கேற்ற வயசில், அதே படிப்புப் படித்த பையன் என் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் கெட்டவரில்லை. என் பையனை மறுக்கவும் இல்லை. மறுப்பதற்குக்கூட முதலில் ஒருவனை மாப்பிள்ளையாக நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அது தோன்றவே இல்லை. இந்தத் தீண்டாமைக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

நஷ்டமும் உண்டு. கல்யாணத்தோடு நிலம் போகிறது, வீடு போகிறது, அவசரத்துக்குக் கடன் போகிறது, வேலைக்குச் சிபாரிசு போகிறது. இவ்வளவும் ஒரே வட்டத்துக்குள் சுற்றினால் ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும்தான் இருக்கும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் நிறுவினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது கலப்புமணத்தையே மருந்தாகச் சொன்னார். 2011–12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் வேறு சாதியில் மணம் முடித்ததாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான்.

இந்த வேலி நிற்க வேண்டுமானால் பெண்ணுக்குக் காவல் போட வேண்டும். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் சாதிக்கு வெளியே பேசி முடித்தார்கள்? அரிவாள் எடுத்தவனும் ஜாதகம் எடுத்தவரும் ஒன்றில்லை. காப்பது என்னவோ ஒரே வேலியைத்தான்.

நம் பக்கமும் பார்ப்போம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனியாகக் கிடக்கிறோம். மேடையில் தலித் ஒற்றுமை. இறங்கி வந்தால், 'போயும் போயும் அவுங்க வீட்லயா பொண்ணெடுக்கப் போற?' மேலேயிருந்து நம்மீது சுமத்திய படிநிலையை நாமே நம் பிள்ளைகள்மீது சுமத்துகிறோம்.

தோழர்களே, அடுத்த முறை வரன் தேடும்போது தரகரிடம் சாதியைச் சொல்லாதீர்கள். நம் வீட்டில் யார் முதலில் சத்தம் போடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்குவோம்.