கற்லிங்கின் கணக்கு

1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, கைபிடியைச் சுழற்றிச் சுடும் பலகுழல் துப்பாக்கிக்கு உரிமம் பெற்ற றிச்சாட் கற்லிங் மருத்துவம் பயின்றவர். (அத்தொழிலை அவர் செய்யவில்லை.) போர்முனையிலிருந்து தினமும் திரும்பிய காயக்காரரையும் நோயாளரையும் சவங்களையும் கண்டே அதை ஆக்கியதாக 1877இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மாண்டவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது குண்டல்ல, நோய். நூறு பேரின் வேலையை ஒருவனே செய்தால் பெரும் படைகள் தேவைப்படா, மற்றோர் பிழைப்பர் என்பது அவர் கணக்கு.

நோக்கம் தூயதென்றே கொள்வோம். ஆயினும் நல்ல நோக்கம் மட்டுமே ஒரு செயலை நல்லதாக்கிவிடாது என்பது திருச்சபையின் பழைய போதனையன்றோ? செய்யப்படுவது எது, அதனால் விளையக்கூடியது எது என்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நூறு பேரின் வேலையை ஒருவன் செய்யக் கண்ட தளபதி, மற்றத் தொண்ணூற்றொன்பது பேரையும் வீட்டுக்கா அனுப்புவான்? அவர்களையும் அருகில் நிறுத்தி, இன்னும் பல துப்பாக்கிகள் கேட்பான். மனித சுபாவம் அறிந்த எவருக்கும் இது தெரியும். 1916 யூலை 1ஆம் நாள் சோம் போர்க்களத்தில், இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி நடந்த பிரித்தானியப் படையில் 19,240 பேர் ஒரே பகலில் மாண்டனர். படைகள் சிறுத்த அடையாளம் அங்கே இல்லை.

அந்தப் பழியைக் கற்லிங்கின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. அவர் 1903இலேயே காலமானார். 1862இன் கற்லிங்கை என்னால் எளிதில் மன்னிக்க முடிகிறது. ஐரோப்பியப் படைகள் பெருத்துக்கொண்டே போனதைக் கண்ட பின்னும், கையால் சுழற்றும் வேகம் போதாதென்று, 1893இல் மின்மோட்டாரால் சுழலும் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவரிடந்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.