பாட்டுக்குச் சந்தா: ஓர் அற விசாரணை

இசைச் செயலிக்குக் கட்டும் மாதச் சந்தாவைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பது வீட்டுச் செலவுக் கணக்காகத் தொடங்கினாலும் அறக் கேள்வியாகவே முடிகிறது. அதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. பாடியவருக்குக் கேட்டவர் பட்ட கடன் என்ன? சந்தாப் பணம் அந்தக் கடனைத் தீர்க்கிறதா? அந்தப் பணத்தால் விளையும் தீமையில் கொடுத்தவருக்குப் பங்கு உண்டா?

முதல் கேள்விக்கு மிகப் பழைய விடை கொல்லிமலையில் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்திலுள்ள இம்மலை பல நாடுகளாக வகுக்கப்பட்டது. குண்டூர் நாடு அவற்றுள் ஒன்று. சங்க காலத்தில் கொல்லியை ஆண்டவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி. வன்பரணர் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 152, 153 என்ற எண்களில் உள்ளன. முதல் பாடலில், காட்டு வழியில் எதிர்ப்பட்டுப் பாடிய கலைஞர்களுக்கு அவன் முதலில் ஊனும் கள்ளும் கொடுத்துப் பசி தீர்க்கிறான்; பிறகு தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் அள்ளித் தருகிறான். அடுத்த பாடல் இன்னும் ஆழமானது. ஓரியிடம் பரிசு பெற்றுப் பசி நீங்கியவர்கள் ஆடவும் பாடவும் மறந்துபோனதாக அது சொல்கிறது. பாட்டை விலைக்கு வாங்கியவனுக்கு இது நட்டம். ஓரியின் புகழோ இதனால்தான் நிலைத்தது. அவன் கொடுத்தது பாடுகிறவரின் பசிக்கு. கேட்டவர் பட்ட கடனின் இயல்பு இதில் தெளிவாகிறது: பாடுகிறவர் வாழ வேண்டும், அதற்கு வழிசெய்வதே கடன்.

பிற்காலத்தில் இந்தக் கடன் நிறுவனங்களின் பொறுப்பாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் பிடாரர் எனப்பட்ட பாடகர் 48 பேரையும், உடுக்கை, கொட்டி மத்தளம் வாசிக்க இருவரையும் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்வெட்டு வரையறுக்கிறது. அரசன் நேரில் கேட்டானா, எத்தனை முறை கேட்டான் என்பதைக் கொண்டு நெல் கூடவோ குறையவோ இல்லை.

சந்தா இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது; அது வாடகை. மலையில் அலைபேசிச் சமிக்ஞை எட்டாத இடத்திலும் கேட்பதற்காகப் பாடல்களை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியைச் சந்தா தருகிறது. ஆனால் சந்தா நின்றால் இறக்கி வைத்தவையும் ஒலிக்காது. செயலியே மூடப்பட்டாலும் அதே கதிதான்: ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024இல் இந்தியாவில் தன் சேவையை நிறுத்தியது. பல ஆண்டுகள் பணம் கட்டியவருக்கும் சொந்தமாக ஒரு பாடல்கூட மிஞ்சாது.

இந்த வாடகை பாடியவரிடம் சேரும் வழியும் நேரானதன்று. ஸ்பாட்டிஃபை போன்ற பெரிய நிறுவனங்கள் சந்தாக்களையெல்லாம் ஒரே நிதியாகத் திரட்டி, தமக்குரியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாடலும் பெற்ற விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பிரிக்கின்றன. குண்டூர் நாட்டில் ஒருவர் மாதம் முழுவதும் ஒரே நாட்டுப்புறப் பாடகரைக் கேட்டாலும், அவர் கட்டிய பணத்தின் பெரும்பகுதி நாடே கேட்கும் திரைப்பாடல்களின் உரிமையாளர்களுக்குப் போகும். ஆண்டுக்கு 1000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுகளுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பங்கு தருவதில்லை. வேறு வழி இல்லாமல் இல்லை: ஒவ்வொருவர் பணமும் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையைச் சவுண்ட்கிளவுட் 2021இல் கொண்டுவந்தது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்தது. ஆகவே சந்தா கடனில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கிறது. பெயர் பெறாத பாடகரைப் பொறுத்தவரை அநேகமாகத் தீர்ப்பதே இல்லை.

மூன்றாவது கேள்வி 2025இல் உலகெங்கும் எழுந்தது. ஸ்பாட்டிஃபையின் நிறுவனர்களில் ஒருவரான டேனியல் ஏக்கின் முதலீட்டு நிறுவனம், செயற்கை நுண்ணறிவைப் போர்க்கருவிகளில் பயன்படுத்தும் ஜெர்மனியின் ஹெல்சிங் நிறுவனத்துக்கு 60 கோடி யூரோ திரட்டிய முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது. மாஸிவ் அட்டாக், டீர்ஹூஃப் முதலிய இசைக்குழுக்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக முடிவெடுத்தன. பாட்டுக்குக் கொடுத்த காசு போருக்குப் போவதா என்ற வருத்தத்தில் கேட்பவர்களும் சந்தாவைத் துண்டித்தனர்.

வாங்குபவரின் பொறுப்பைத் தமிழ் அறநூல்கள் நன்றாகவே ஆராய்ந்துள்ளன. புலால் மறுத்தல் அதிகாரத்தில், 256ஆம் குறளில், தின்பதற்காக வாங்குவார் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வாரும் இல்லை என்று வள்ளுவர் வாதிடுகிறார். கொன்ற கையோடு காசு கொடுத்த கையும் குற்றத்தில் சேர்கிறது. இதற்கு மாறாக, தனக்காகக் கொல்லப்பட்டதென்று காணாத, கேளாத, ஐயுறாத ஊனை ஏற்கலாம் என்பது தேரவாத பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலான விநயத்தின் விதி. தமிழிலும் இந்த வாதம் உண்டு: சமண நூலான நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதத்தில் புலாலும் ஒரு பொருள்.

இந்த அளவுகோலைச் சந்தாவுக்கு அப்படியே வைக்க முடியாது. ஊனை வாங்கும்போது கொலை அந்தப் பொருளிலேயே இருக்கிறது; பாடலில் அப்படி எதுவும் இல்லை. நிறுவனரின் செல்வம் சந்தாதாரர்களால் பெருகியது உண்மை. ஆனால் அதே சந்தாவில்தான் இசையமைப்பாளரின் பங்கும் வருகிறது. எனவே பணம் கட்டுபவர் நேரடிக் குற்றவாளி ஆகமாட்டார். ஆனாலும், அறிந்தபின் ஆராயாமல் இருக்கும் உரிமை அவருக்கு இல்லை. பௌத்த விதியும் ஐயம் எழாதவரைதான் விலக்கு அளிக்கிறது.

நிறுத்துவதாலும் குறை வரலாம். சந்தாவை விட்டுவிட்டுத் திருட்டுப் பதிவுகளுக்குப் போனால் தீமையிலிருந்து விலகியதாகாது. பாடியவருக்குச் சேர்ந்த சிறு பங்கும் அற்றுப்போகும். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பது அதே நிறுவனத்தை வேறு வழியில் வளர்க்கும். கலைஞருக்குக் கிடைப்பதோ குறையும். மிச்சமான தொகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதை அறம் என்று எண்ணுவது தன்னையே ஏமாற்றுவது.

இவற்றை வைத்து முடிவு செய்யலாம். சந்தாவைத் தொடர்வது குற்றமன்று. தொடர்ந்துவிட்டதால் பாடகருக்கான கடமை முடிந்ததென்று எண்ணுவது பிழை. மனசாட்சி உறுத்தினால் நிறுத்துவது நேர்மையான செயல். ஆனால் அந்தத் தொகை வேறு வழியில் பாடுகிறவரைச் சேரும்போதே அது நிறைவடையும். கச்சேரிக்குச் சீட்டு வாங்கலாம். கலைஞரிடமே பதிவை விலைக்கு வாங்கலாம். ஊர்த் திருவிழாவில் பாடுகிறவருக்கும் மேளம் வாசிக்கிறவருக்கும் பேசிய கூலிக்கு மேல் மனமுவந்து கொடுக்கலாம். சந்தாவை நிறுத்த நினைப்பவர் அந்தப் பணத்தை அடுத்த மாதம் எந்தப் பாடகருக்குக் கொடுப்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு நிறுத்தட்டும்.