குளவிக்கூட்டைக் கலைக்கலாமா?



"வீட்டுச் சுவரில் குளவி கூடு கட்டியிருக்கிறது, கலைத்தால் பாவமா, சாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. இதென்ன கேள்வி என்று சிரித்துவிடத் தோன்றும். ஆனால் கேட்கிறவர் மனத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கொட்டிவிடுமோ என்பது ஒன்று. ஓர் உயிரின் குடியைக் கெடுத்தால் நம் குடிக்குக் கேடு வருமோ என்பது மற்றொன்று. இரண்டாவதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள், முதலாவதிலும் அறியாமை கலந்திருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

நியாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதன் தன் தேவைக்காகப் பிராணிகளைக் கொல்வது தன்னிலே பாவமல்ல என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் எழுதியிருக்கிறார். அவரே வேறோரிடத்தில், பிராணிகள்மேல் இரக்கம் காட்டிப் பழகுகிறவன் மனிதர்மேலும் இரக்கம் காட்டத் தயாராகிறான் என்றும் சொல்கிறார். 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும், அவசியமின்றிப் பிராணிகளை வதைப்பதும் கொல்வதும் மனிதனுடைய மேன்மைக்குத் தகாத செயல் என்று போதிக்கிறது. ஆகவே விஷயம் முழுவதும் "அவசியம்" என்ற ஒரே சொல்லில் நிற்கிறது. அவசியம் எது என்பதை ஞானோபதேச நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏனெனில் குளவி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே பிராணியல்ல. ஜன்னல் மூலையிலும், படத்துக்குப் பின்னாலும், மின்சாரப் பெட்டியின் பக்கத்திலும் மண்ணைக் குழைத்துப் பூசி வைக்கும் மண்குளவி ஒன்று. இது கூட்டமாய் வாழ்வதில்லை. தாய்க்குளவி தனியாகவே ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து அறை கட்டுகிறது. பிறகு சிலந்திகளைப் பிடித்துக் கொட்டி, சாகாமலும் அசையாமலும் கிடக்கச் செய்து, அறைக்குள் அடுக்குகிறது; முட்டையும் இட்டு வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. காவல் இருப்பதில்லை. கையால் பிடித்து நசுக்கினாலொழிய மனிதரைக் கொட்டுவதும் அபூர்வம். கொட்டுவதற்கு ஆளே இல்லாத இந்தக் கூட்டின்மேல்தான் நம் வீடுகளில் விளக்குமாறும் மண்ணெண்ணெயும் முதலில் பாய்கின்றன.

இந்தக் குளவியைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழைய கதை வழங்குகிறது. அது ஒரு புழுவைக் கொண்டுவந்து வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்பார்கள். குருவும் சீடனும் என்ற விஷயத்துக்கு இதை உபமானமாகச் சொல்வதும் உண்டு. உபமானம் அழகானதுதான், நடப்பதோ வேறு. புழுவோ சிலந்தியோ குளவியாவதில்லை. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அதை உயிரோடே தின்று வளர்கிறது. பூச்சிகளிடமிருந்து தர்மம் கற்கப் புறப்படுகிறவர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. எறும்பைப் பார் என்று சாலமோன் சொன்னதால் எல்லாப் பூச்சியும் போதகர் ஆகிவிடாது.

உண்மை தெரிந்தவர்களுக்கு வேறொரு கலக்கம் வரும். சார்லஸ் டார்வின் 1860-ம் ஆண்டில் ஆசா கிரே என்ற தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்னும் குளவி இனத்தைக் கருணையுள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே சிருஷ்டித்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். நேர்மையான மனிதர் கேட்ட கேள்வி. அதை ஏளனம் செய்வது நமக்கு அழகல்ல. ஒரு வார்த்தை மட்டும் சொல்லலாம். வேறு விதமாய் நடக்க முடிந்தும் நோகச் செய்கிறவனுக்கே கொடுமை என்ற சொல் பொருந்தும். குளவிக்கு அந்தச் சுதந்தரம் இல்லை. இதனால் சிலந்தியின் நோவு இல்லாமல் போய்விடாது என்பதும், டார்வினுடைய கேள்வி முழுவதும் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் "இது கொடிய பிராணி, சாகட்டும்" என்று கூட்டைத் தேய்க்கிறவர் குளவியின்மேல் சாட்டுகிற குற்றத்தைச் செய்யக்கூடியவர் அந்த இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கையில் செருப்பு இருக்கிறது.

பிரயோஜனத்தை வைத்தும் சிலர் வாதாடுவார்கள். அதற்கும் குறைவில்லை. ஆலும் அரசும் அத்தியும் காய்ப்பது கண்ணுக்கு எட்டாத சிறு குளவிகளால்தான். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளித் தோட்டங்களை மாவுப்பூச்சி அழித்து வந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022-ல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். 1980-களில் ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்ததும் அதே இனந்தான். கரும்புக்காரர்கள் அட்டையில் ஒட்டி வாங்கிக் கட்டும் முட்டை ஒட்டுண்ணியும் குளவிக் குலமே. எனினும் நமக்கு உதவுவதால் மட்டுமே ஒன்றை வாழ விடுவது என்றால், அது இரக்கமல்ல, கணக்கு. இதற்குமேல் அதில் நிற்க வேண்டாம்.

இனி இரண்டாம் வகை. ஓட்டு வீட்டின் இறவாரத்திலும் வேலிச்செடியிலும் காகிதம் போன்ற சிறு கூடு தொங்கவிட்டு, அறை அறையாகக் கட்டி, சிறு கூட்டமாய் வாழும் குளவி. மர நாரைக் கடித்து எச்சிலோடு மென்று அந்தக் காகிதத்தைச் செய்கிறது. இது தன் கூட்டைக் காக்கும், நெருங்கினால் கொட்டும். தேனீயைப் போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாமல், திரும்பத் திரும்பக் கொட்டவும் செய்யும். வாசற்படிக்கு நேர்மேலே, குழந்தை தவழும் திண்ணைக்கு அருகே இது இருந்தால் அகற்றுவதே முறை. ஆனால் எப்போது? கூடு துவங்கும்போது ஒன்றோ இரண்டோ பெண் குளவிகள்தான் இருக்கும். எட்டணா அளவு கூடு. அந்நேரம் குளவி வெளியே போயிருக்கையில் நீண்ட கம்பால் தட்டிவிட்டால் அது வேறிடம் தேடிப் போகும். நாமோ பார்த்தும் பாராதவர்போல் இருக்கிறோம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இரண்டு மாதம் போகிறது. பிறகு ஒருநாள் பையன் அலறிக்கொண்டு ஓடிவந்ததும், பந்தம் கட்டிக் கூட்டோடு கொளுத்துகிறோம். கொளுத்தியதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு அது அவசியமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த அவசியத்தை உண்டாக்கியது நம் சோம்பல் அல்லவா? கோபத்தினால் கொன்ற உயிர்களைவிடச் சோம்பலால் கொல்லும்படி நேர்ந்த உயிர்களே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் இரண்டாவதை யாரும் சொல்லிக் கேட்பதில்லை!

மூன்றாவது, கதண்டு. தெற்கே கடந்தை என்பார்கள். பனையிலும், புதரிலும், பாழடைந்த கட்டடத்திலும் பெரிய கூடு கட்டும். அதிர்ச்சி பட்டால் கூட்டமாய்ப் புறப்பட்டுத் துரத்தும். பனையேறிகளும், நூறு நாள் வேலையில் புதர் வெட்டப் போன பெண்களும் இதனால் மருத்துவமனைக்குப் போனதையும் மாண்டதையும் நாளிதழ்களில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். இங்கே கூட்டைக் கலைக்கலாமா என்பது கேள்வியே அல்ல. கலைக்காமல் விடலாமா என்பதுதான் கேள்வி.

"என் தோப்பு, என் மரம், நான் அந்தப் பக்கம் போவதில்லை" என்பவரும் இருக்கிறார். யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டத்தை அவர் படித்துப் பார்க்கட்டும். மாடு திடீரென்று முட்டி ஒருவனைக் கொன்றால் உடையவன்மேல் குற்றமில்லை. முட்டும் மாடு என்று முன்பே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தும் அவன் கட்டி வைக்காதிருந்தால், அவனும் சாவுக்கு உத்தரவாதி. கதண்டை யாரும் வளர்ப்பதில்லை, நிசந்தான். ஆனால் கூடு இருப்பது தெரியும். அதன் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடப்பதும், ஆடு மேய்க்கிறவள் உட்காருவதும் தெரியும். தெரிந்த பிறகு மரம் மட்டும் அவருடையது, கொட்டு மட்டும் ஊராருடையது என்று பங்கு பிரிக்க இயலாது.

அதைவிட மோசமான பங்கு பிரிப்பு ஒன்று உண்டு. கூட்டை எடுக்க ஊரில் ஓர் ஏழையைக் கூப்பிடுகிறார்கள். ஐந்நூறு ரூபாயும், தைரியத்துக்கு ஒரு குவார்ட்டரும் கொடுத்து, கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு பந்தத்தோடு பனையேறச் சொல்கிறார்கள். குடித்தவனை இருட்டில் மரமேற்றுவதும், விஷப் பூச்சிக் கூட்டத்துக்குள் தலையை விடச் சொல்வதும் கூலி வேலையா? தன் மகனை ஏற்ற மாட்டாத மரத்தில் பிறன் மகனை ஏற்றுகிறவர், ரூபாய் கொடுத்ததால் அவனுடைய உயிருக்கும் விலை கொடுத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்தார் கதண்டுக் கூடுகளை அழித்துத் தருகிறார்கள். 101 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். அவர்கள் வரும்வரை அந்த வழியில் ஒரு கயிறு கட்டி ஆட்களைத் திருப்பிவிட வேண்டியது நம் வேலை.

கொட்டு வாங்கியவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓரிரு கொட்டுக்குக் குளிர்ந்த நீர் ஒத்தடம் போதும். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது; அதற்குரிய ஊசி மருத்துவமனையில் இருக்கிறது. கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாயிருப்பதுபோல் தோன்றினாலும் கூட்டிப் போங்கள். விஷம் சில நாளில் சிறுநீரகத்தைக் கெடுப்பதுண்டு. சிறுநீர் கறுத்துப் போவது அதற்கு அடையாளம். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு காத்திருப்பதால் விஷம் இறங்காது.

கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கும் காலத்தில் சுவரிலுள்ள மண்கூடுகளையெல்லாம் சுரண்டுவது வழக்கம். சுரண்டுமுன் கூட்டில் வட்டமான துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது, தாராளமாய் எடுக்கலாம். துளை இல்லாவிட்டால் சில வாரம் பொறுத்தால் போதும். அந்த ஒரு சாண் சுவருக்கு மட்டும் பிறகு வெள்ளையடித்துக் கொள்ளலாம்.