துணியின் மேல் உள்ளங்கை

ஜூலைக் கடைசி வாரம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊர். வெயில் இன்னும் வரவில்லை. புல்லெல்லாம் பனி; நடக்க நடக்கக் கணுக்கால்வரை ஈரம் ஏறுகிறது. இரண்டு பக்கமும் பழைய விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தியவை. இறக்கையிலிருந்து இறங்கும் கயிறு புல்லில் அடித்த முளையில் கட்டப்பட்டிருக்கிறது. இறக்கைக்கு அடியில் சிறு கூடாரம். ஓட்டி வந்தவர்கள் அதற்குள் தூங்குகிறார்கள். அதிகாலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தவன்போல, என்னை அறியாமல் அடியை மெல்ல வைக்கிறேன்.

*

எல்லாம் பறந்து வந்தவை. இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் பழைய விமானத்தைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள்; டயரில் காற்று இருக்கும், தொட்டியில் எண்ணெய் இருக்காது. இங்கே ஒவ்வொன்றின் வயிற்றிலும் எண்ணெய்க் கறை. மூக்கில் வழியில் அடிபட்டுச் செத்த பூச்சிகள். எண்பது வயதுப் பாட்டி யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பது போன்ற வருகை.

எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம் நடத்தும் கூடல் இது. வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்காக பால் போபெரெஸ்னி என்பவர் 1953இல் மில்வாக்கியில் சங்கத்தைத் தொடங்கினார். கூடல் 1959இல் ராக்ஃபோர்டுக்குப் போய், 1970இல் இந்த ஊருக்கு வந்து நிலைத்தது. இப்போது ஆண்டுதோறும் பத்தாயிரம் விமானங்கள் அளவுக்கு வருகின்றன. போர் விமானங்கள் வடக்குப் பக்கம். அங்கே கூட்டமும் இரைச்சலும் அதிகம். நான் தெற்குப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

பழசு என்பதற்கு இங்கே கணக்கு உண்டு. 1945 ஆகஸ்ட் 31 வரை செய்யப்பட்டவை ஒரு வகுப்பு. அடுத்த நாளிலிருந்து 1955 முடிய இன்னொன்று. 1956 முதல் 1970 வரை மூன்றாவது. போர் ஓய்ந்த அந்த மாதத்தின் கடைசி நாளில் கோடு கிழித்திருக்கிறார்கள். ஒரே கோடையில், ஒரே தொழிற்சாலையில், ஒரே கைகள் செய்த இரண்டு விமானங்கள் கோட்டின் இரு பக்கமும் நிற்கக்கூடும்.

*

தென்மேற்கே ஃபிஸ்க் என்று ஒரு சிற்றூர். முதல் நாள் பிற்பகல் அங்கே போய் நின்றேன். வருகிற விமானங்கள் ரிப்பன் ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும். கட்டுப்பாட்டாளர்கள் தரையில் நின்று பைனாகுலரில் பார்க்கிறார்கள். பெயரையோ பதிவு எண்ணையோ கேட்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்: நீல இரட்டை இறக்கை, கேட்கிறதா, இறக்கையை ஆட்டு. விமானி வாய் திறக்கக் கூடாது. விமானம் இடமும் வலமுமாகச் சாய்ந்து பதில் சொல்கிறது. அப்புறம் எந்த ஓடுபாதை, எந்த நிறப் புள்ளியில் இறங்குவது என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பதால் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று இறங்க முடிகிறது.

ஒரு மஞ்சள் விமானம் மற்றவற்றைவிட மெதுவாக வந்தது. கூப்பிட்டதும் ஆடியது. தாத்தா முழு உடம்பையும் அசைத்து "ஆமாம்" சொல்வதுபோல, அவசரமே இல்லாத ஓர் ஆட்டம். தொண்டை அடைத்துக்கொண்டது.

*

மறுநாள் அதே விமானத்தைப் புல்வெளியில் கண்டுபிடித்தேன். பைப்பர் ஜே-3 கப், 1946. பென்சில்வேனியாவில் லாக் ஹேவன் ஊரில் பிறந்தது. 1947 வரை ஏறத்தாழ இருபதாயிரம் கப் செய்தார்கள். போருக்கு முன்னும் போரின்போதும் ஒரு தலைமுறையே இதில்தான் பறக்கக் கற்றது. 65 குதிரைத் திறன். நம் ஊர்ச் சிறிய காரின் இன்ஜின் அளவு. நான்கு சிலிண்டர்களின் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி இல்லை. ஸ்டார்ட்டர் இல்லை. தனியாக ஓட்டினால் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் தொட்டி மூடியின் நடுவே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்பியின் அடியில் ஒரு தக்கை பெட்ரோலில் மிதக்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் கம்பி உயர்ந்து நிற்கும். குறையக் குறைய உள்ளே இறங்கும். பறக்கிறவர் முன்னால் பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்த்துவிடுவார். இதைவிட நேர்மையான ஒரு கருவியை நான் கண்டதில்லை.

உரிமையாளருக்கு எண்பதை நெருங்கும் வயது. மெலிந்தவர். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன், ஏனென்றால் "தொடாதீர்கள்" என்று அட்டை தொங்குகிறது.

அவர் எல்லாவற்றையும் தொட்டார். மரப் புரொப்பெல்லரின் விளிம்பில் உள்ளங்கையை அடியிலிருந்து நுனிவரை ஓட்டினார். கல் பட்டுப் பிளந்திருந்தால் கை சொல்லிவிடும். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து வானத்துக்கு நேராகத் தூக்கினார். இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் கீழே தனிக் குமிழாகத் தங்கும். இல்லை. இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகையான ஐலரானை மேலும் கீழுமாக அசைத்துக் கீலுக்குக் காது கொடுத்தார். வால் கம்பிகளை விரலால் சுண்டினார். கேபிள் இணையும் இடங்களில், கழன்றுவிடாதபடி சுற்றிய மெல்லிய கம்பியை நகத்தால் தடவினார். கடைசியாக உடலின் பக்கவாட்டில் துணிமேல் கையை விரித்து வைத்து, அப்படியே நின்றார். நான் எண்ணவில்லை, பத்து மூச்சு இருக்கும்.

அறுபது வருஷமாகச் செய்கிற வேலை. ஒரு நாளும் பாதியில் விட்டதில்லை என்றார்.

*

துணி. இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன்.

கப்பின் உடல் இரும்புக் குழாய்களால் ஆன கூடு. அதற்கு மேல் துணி போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அக்காலத்தில் பருத்தி. கூட்டின் மேல் துணியை இழுத்து ஒட்டி, டோப் என்ற வார்னிஷைப் பல பூச்சு பூசினால், அது காயக் காயத் துணி இறுகும். வெயிலில் நின்றால் பருத்தி சில ஆண்டுகளில் இற்றுவிடும். உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போர்த்த வேண்டும். இப்போது பாலியெஸ்டர். அதை இறுக்குவதற்கு இஸ்திரிப் பெட்டி! சூட்டைச் சரியாக அளந்து வைத்துக்கொண்டு, மிதமாகத் தொடங்கி, படிப்படியாக 177 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றித் தேய்க்கிறார்கள். தொளதொளவென்று கிடந்த துணி சுருங்கி, கண்முன்னே விறைக்கிறது. இறுகிய துணியைத் தட்டினால் ஓசை வரும்.

பறை அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைத் தீயில் காட்டுவார்கள். முறுக்கேறியதும் விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். காது சரி என்ற பிறகுதான் தோளில் மாட்டுவது. அதே சுருக்கம், அதே தட்டல்.

நடுப்பகலில் இறக்கை நிழலில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்தைப் பார்த்தேன். விலா எலும்புகளைப் போலக் குறுக்கே சட்டங்கள். துணியை ஒவ்வொரு சட்டத்தோடும் நீண்ட ஊசியால், மெழுகிட்ட நூலால் தைத்து, தையலுக்குத் தையல் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முடிச்சுகள் மேல் ஒரு நாடா. நூல் பிரியாமலிருக்க அதன் ஓரம் பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கிறது. பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, துணியை மேல்நோக்கி உறிஞ்சும். அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை இந்த முடிச்சுகள். உச்சி வெயிலிலும் துணி வழியாக வெளிச்சம் கசியவில்லை. உள்ளே அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு உண்டு. துணியை வெயில் தின்னாமல் காப்பது அதுதான்.

இந்த 1946இல் அப்படியானால் 1946 எது? துணி நான்காவது முறை போர்த்தியது. இன்ஜின் பலமுறை பிரித்துக் கட்டியது. டயர், கண்ணாடி, கேபிள் எல்லாம் பின்னால் வந்தவை. பெரியவரிடம் கேட்டேன். "குழாய்கள் பெரும்பாலும் அதே. மீதியை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் செய்துகொண்டே வந்தோம்" என்றார். நாங்கள் என்றது, இவருக்கு முன்னால் வைத்திருந்த ஆறு பேரையும் சேர்த்து. அவர்களில் இருவரை இவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவர்களுடைய கையெழுத்தில் எழுதிய பராமரிப்பு ஏட்டை ஓர் அட்டைப் பெட்டியில் கூடவே வைத்திருக்கிறார். ஓர் ஏட்டில் மை நீலம், அடுத்ததில் கறுப்பு.

*

இந்த விமான நிலையம் ஸ்டீவ் விட்மனின் பெயரைத் தாங்கியது. 1931 முதல் 1969 வரை இதை நிர்வகித்தவர். பந்தய விமானங்களைத் தாமே கட்டி, தாமே ஓட்டியவர். 1995 ஏப்ரல் 27 அன்று, 91 வயதில், தாம் கட்டிய விமானத்தில் மனைவியோடு ஃப்ளோரிடாவிலிருந்து ஆஷ்காஷ் வந்துகொண்டிருந்தார். அலபாமாவில் விழுந்தார்கள்; இருவரும் பிழைக்கவில்லை. இறக்கையில் ஒட்டிய துணி ஒட்டு விட்டுப் பிரிந்ததும், அதனால் ஐலரானும் இறக்கையும் வெடவெடத்ததும்தான் காரணம் என்று விசாரணை சொன்னது.

இத்தனை ஆண்டு அனுபவமுள்ள கைகள். துணிக்கும் இறக்கைக்கும் இடையில் நிகழ்ந்த ஒரு பிரிவு. அந்தப் பத்து மூச்சு நேரம் பெரியவர் கையை ஏன் அங்கே வைத்திருந்தார் என்று இதை யோசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது சடங்கு என்று நான் நினைத்திருந்தேன்.

*

ஃபோர்டு டிரைமோட்டார், 1929. நெளிநெளியான அலுமினியத் தகடு, மூன்று இன்ஜின்கள். வாலுக்குப் போகும் கேபிள்கள் உடலுக்கு வெளியே, திறந்த காற்றில் ஓடுகின்றன. பக்கத்து இன்ஜின்களின் அளவுமானிகள்கூட வெளியே அந்தந்த இன்ஜினுக்குப் பக்கத்தில்தான். விமானி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலம். பயணிகள் வரிசையில் நின்று ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

*

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மோத் விமானமும் கப்பின் இனந்தான்: இரும்புக் குழாய் உடல், மேலே ஒற்றை இறக்கை, போர்த்திய துணி. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தில் கொண்டுவந்தார். சென்னைக்கு வந்த அந்தத் தபால் மூட்டைக்கும் வானத்துக்கும் நடுவே இருந்தது ஒரு துணிதான். சின்ன வயதில் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். துணி என்று அதில் போட்டிருக்கவில்லை.

*

சாயங்காலம் பெரியவர் ஒரு சுற்றுப் பறந்துவரத் தயாரானார். பேத்தி பின் இருக்கையில். அவள்தான் ஓட்டப் போகிறாள். பெரியவர் புரொப்பெல்லருக்கு முன்னால் நின்றார். சுவிட்ச் ஆஃப், என்றார். ஆஃப், என்றாள். பிரேக், என்றார். பிடித்திருக்கிறேன், என்றாள். புரொப்பெல்லரை இரண்டு முறை மெல்லச் சுற்றி நிறுத்தினார். பிறகு, காண்டாக்ட். அவளும் காண்டாக்ட் என்றாள். ஒரே இழுப்பு, இழுத்த வேகத்திலேயே பின்னால் நகர்ந்துவிட்டார். இரண்டு முறை இருமி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. கம்பி தொட்டி மூடிமேல் துள்ளியது. கதவின் மேல்பாதியை இறக்கையோடு மாட்டி, கீழ்ப்பாதியைத் தொங்கவிட்டு, பக்கம் முழுதும் திறந்தபடியே போனார்கள். அந்த விமானத்தில் அப்படியும் பறக்கலாம்.

*

மூன்றாம் நாள், விடியல். மறுபடி பனி. பெரியவர் விமானத்தின் முகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடாரத்துக்குள் கையை விட்டு இன்னொரு துணியை எடுத்து நீட்டினார். மான்தோல் போல மிருதுவானது. வால் பக்கம் நீங்கள் பாருங்கள் என்றார்.

அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இடுப்பு உயரத்தில் வால் தட்டு. துடைக்கும் துணியை அதன்மேல் வைத்தேன். சில்லென்றது. அழுத்தாமல் நீவினேன், தண்ணீர் திரண்டு விளிம்பில் வழிந்து புல்லில் சொட்டியது. போர்த்திய துணியின் இறுக்கம் மணிக்கட்டுவரை தெரிந்தது. துணிக்கு அடியில் ஒரு குழாய் புடைத்து வந்தது, பிறகு பள்ளம், மறுபடி குழாய். பாதி துடைத்ததும் துணியை மடித்து வைத்துவிட்டு வெறும் கையை விரித்து வைத்தேன். கண்ணாடிப் பக்கமிருந்து பெரியவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பதைத் தொடர்ந்தார்.