எண்ணிக்கையும் அறமும்

மக்கள் தொகை பெருகுவதற்கு ஏழைகளின் அறியாமையே காரணம் என்று கூறுவோரை நாம் இன்றும் காண்கிறோம். இக்கூற்று உண்மைதானா, நியாயமானதுதானா என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டுகளில் இந்திய மக்கள் தொகை வளரவில்லை. சிறிது குறைந்தே போயிற்று. 1918-இல் பரவிய விஷக் காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததே அதற்கு முதற் காரணம். அக்காலத் தாய்மார்கள் பிள்ளைகளைக் குறைவாகப் பெற்றார்களல்லர். பெற்ற பிள்ளைகள் நிலைக்கவில்லை. பின்னர் மருத்துவமும் தூய குடிநீரும் பரவின, இறப்பு குறைந்தது, தொகை பெருகியது. எனினும் 1971-இல்கூட, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. இரு பிள்ளைகளேனும் தங்க வேண்டுமெனில் நால்வரைப் பெற்றாக வேண்டும் என்று கணக்கிட்ட தாயை அறிவிலி என்பது எவ்வாறு பொருந்தும்? தன் சூழ்நிலையை அவள் நன்கு அறிந்திருந்தாள்.

இதனை உணராத ஆட்சி வற்புறுத்தலை நாடியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அச்சுறுத்தலுக்குப் பணிந்தோர் அவர்களுள் பலர். குடும்ப நலத் திட்டத்தின்மீதே மக்கள் நம்பிக்கை இழந்தனர்.

கேரளத்தின் வழி வேறு. பெண்கள் படித்தனர், மருத்துவமனை அருகிலேயே அமைந்தது, பிறந்த குழந்தை பிழைத்தது. 1979-இல் சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3 ஆக இருந்த பிள்ளைப்பேறு, 1991-இல் 1.8 ஆயிற்று. அதே காலத்தில் ஒரு குழந்தைச் சட்டத்தால் மக்களை அடக்கிய சீனத்தில் அது 2.8-இலிருந்து 2 வரையே இறங்கிற்று. தமிழகத்திலும் பெண் கல்வி, சத்துணவு, சுகாதார நிலையம், பேருந்து வசதி ஆகியவை சிற்றூர்களை எட்டிய பின் குடும்பம் சிறிதாயிற்று. 2019-21 ஆய்வின்படி இங்கு 1.8, பீகாரில் 3. அங்குள்ள தாய் நம்மினும் தாழ்ந்தவளல்லள். அவளுக்குப் பள்ளியும் மருத்துவமும் பிந்தி வந்தன.

எனினும், எண்ணிக்கை குறைந்ததனாலேயே அறம் வளர்ந்துவிட்டது என்று மகிழ்தலும் தகாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை நம் மாநிலத்துக்கே நேர்ந்தது. குடும்பம் சிறுத்தபோதும் ஆண் பிள்ளை மீதுள்ள பற்றும் வரதட்சணைக் கொடுமையும் ஒழியவில்லை.

இப்போதோ, முதியோர் பெருகுகின்றனர், ஆகவே பிள்ளைகளைக் கூடுதலாகப் பெறுங்கள் என்னும் குரல் எழுகிறது. குறைவாகப் பெறு என்பதும் மிகுதியாகப் பெறு என்பதும் ஆணையாக வரும்போது ஒரே தவறுதான். இரண்டும் தாயைக் கருவியாக்குகின்றன. பெண்ணைப் படிக்க வைப்போம், பிறந்த குழந்தையை, ஆணாயினும் பெண்ணாயினும், பேணுவோம், முதியோரைக் காப்போம். எத்தனை பிள்ளைகள் என்பதை அத்தாயும் அவள் கணவனும் முடிவு செய்யட்டும்.